பதினேழு வாங்கிய ஃபோகஸர்

பதினேழு தன் தொலைநோக்கியின் கழுத்தை அறுத்துவிட்டார் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு மூன்று வாய் மாறி வந்தது. துணி உலர்த்தும் மொட்டை மாடியிலிருந்து ஒருத்தி பார்த்தாளாம். அவள் லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரியிடம் சொன்னாளாம். மூன்றாம் மாடிக்காரி என் மனைவியிடம்.

“ரம்பத்தால அறுத்தாராம். ஒரே ரத்தமாம்.”

“தொலைநோக்கிக்கா?”

“உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான். அவர் வீட்டு அக்கா அழுதுக்கிட்டே கட்டுப் போட்டாங்களாம்.”

வதந்தி என்று தள்ளிவிட முடியவில்லை. அவர் அறுத்தபோது தொலைநோக்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான். செய்தி லிஃப்டில் வந்தது, நான் படியில் வந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினேழு என்பது அவர் ஓட்டும் பஸ்ஸின் தட எண். எங்கள் அடுக்ககத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டிப்போவில் பஸ் கழுவினார். பிறகு இந்த ஊர் பாஷையில் பரீட்சை எழுதி, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே காபி குடிக்கலாம் என்பார்கள். பிரேக் போட்டது தெரியாது, கதவு திறக்கும் சத்தம் கேட்டால்தான் நிறுத்தம் வந்தது தெரியும். அதை யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதர் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்கமாட்டார்.

தொலைநோக்கி அவருக்கு இன்னொருவரின் துரதிர்ஷ்டத்தில் கிடைத்தது. எங்கள் கட்டடத்தில் யாருக்காவது வேலை போனால் விசா போகும். விசா போனால் சோபா, ஃபிரிஜ், தொட்டில் எல்லாம் கீழ்த்தளத்துக்கு விற்பனைக்கு வந்துவிடும். நாங்கள் பேரம் பேசி வாங்குவோம், வாங்கிய பொருளைக் கொஞ்ச நாள் பயத்தோடு பார்ப்போம். அப்படி ஒரு குடும்பம் விட்டுப்போன குழாய் அது. சனிக்கிழமைகளில் வானம் பார்க்கும் எங்கள் சின்னக் கூட்டத்தில் அவர் அப்படித்தான் சேர்ந்தார்.

பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் தேக்கரண்டியில் தெரிந்தது, பிறகு சட்டைப் பொத்தானில். அவர் மனைவி என் மனைவியிடம் மட்டும் சொன்னார், “யார்கிட்டயும் சொல்லிடாதம்மா” என்ற முன்னுரையோடு. டிப்போவில் ஒரு சந்தேகம் வந்தால் போதும், மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். தோற்றால் அன்றோடு ஸ்டியரிங் இல்லை. வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மகளுக்குப் பள்ளி இறுதி ஆண்டு. அடுத்து கீழ்த்தளத்துக்கு இறங்குவது அவர்களுடைய சோபாதான்.

ஆனால் பதினேழுக்குக் கை நடுங்கவில்லை. ஃபோகஸர்தான் நடுங்கியது.

ஃபோகஸர் என்பது, கண் வைத்துப் பார்க்கும் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தும் சின்னக் குழல். பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். திருகினால் மங்கல் தெளியும். அவருடையது பல்சக்கரத்தில் ஓடும் பழைய வகை. அவர் விரல் பட்டதும் நிலா குடத்துத் தண்ணீர் மாதிரி தளும்பியது.

“பல்லு தேஞ்சிருக்கு தம்பி. லொடலொடங்குது. நல்லதா ஒண்ணு மாத்திட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

எல்லாம் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார்.

எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் விமரிசனங்களைப் படித்துச் சொல்லும் வேலை என்னுடையது. ஒரு வாரம் தினமும் மாலையில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெண் பார்ப்பது போல ஃபோகஸர் பார்த்தோம். பல்சக்கரத்திலேயே உயர்ந்த ரகம் ஒன்று. பல்லே இல்லாமல் வழுவழுப்பான உருளையில் நகர்வது ஒன்று. அதில் பெரிய திருகோடு மெல்ல நகர்த்த ஒரு சின்னத் திருகும் உண்டு. மூன்றாவது மோட்டார் வைத்தது. தள்ளி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் போதும், தொலைநோக்கி மேல் கையே படாது.

“இதை எடுங்கண்ணே. தொடாமலே ஃபோகஸ் பண்ணலாம். ஆட்டமே இருக்காது” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தொடாம பாக்குறதுக்கு நான் என்ன நோயாளியா?”

நான் பக்கத்தை மாற்றினேன். உருளை ரகம், சின்னத் திருகு என்று முடிவாயிற்று. சின்னத் திருகைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளால் பிடித்து, மூச்சு விடுவது போலத் திருப்ப வேண்டும். இருக்கிற மூன்றில் நடுங்கும் கைக்கு ஆகவே ஆகாதது அதுதான்.

பார்சல் வந்ததும் அடுத்த வம்பு. புதியதன் அடிப்பாகம் பெரியது, குழாயிலிருந்த ஓட்டை சின்னது. பால்கனியில், குழாய்க்குள்ளிருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய ரம்பத்தால் ஓட்டையை அகலமாக்கினார். நான் பிடித்திருந்தேன். ரம்பம் கோடு போட்ட இடத்தை விட்டுத் துள்ளித் துள்ளி ஓடியது. கடைசியில் ஓட்டை எலி கடித்த பிஸ்கட் போல இருந்தது, அவர் இடது கைப் பெருவிரலிலிருந்து ரத்தம் சொட்டியது. கழுத்தறுத்த கதை இதுதான்.

இதையெல்லாம் பால்கனிக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த நேரம், எந்தத் தடம் என்று பிரித்துக் கொடுப்பவன் அவனே. அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவர் பதினேழு.

“மாமா, ரம்பம் பரதநாட்டியம் ஆடுதே. சலங்கை கட்டி விடவா?”

“ரம்பம் மொண்ணை, மாப்ளே.”

“ரம்பமும் மொண்ணை, ஃபோகஸரும் லொடலொட. பாவம், உங்க கைக்கு மட்டும் ஒரு குறையும் இல்ல.”

“சும்மா இருடா” என்றார் அக்கா, விரலில் துணியைச் சுற்றியபடி. தம்பி சும்மா இருக்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பிட வந்தால் அவர் கையையே பார்க்கிறான் என்று அக்கா சொல்லியிருந்தார்.

புதிய ஃபோகஸரிலும் நிலா தளும்பியது.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். பதினேழு எங்கள் குழுவில் குரல் பதிவு போட்டார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், மட்டமான சரக்கு, யாரும் வாங்காதீர்கள். கூட்டத்தின் தலைவரான பல் டாக்டர் உடனே பதில் போட்டார். “சரக்கு மட்டமான்னு சோதிச்சிடுவோமே அண்ணே. சனிக்கிழமை கொண்டாங்க. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க.” கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்று என்னுடையது.

எங்களிடம் ஒரு சோதனை உண்டு. வில்லை இருக்குமிடத்தில் கேமராவைப் பொருத்தி, ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, தொலைநோக்கியை அசையாமல் விட்டுவிட வேண்டும். நட்சத்திரம் தன்பாட்டில் நகரும். கேமரா திறந்திருக்கும் நேரத்துக்கு மடிக்கணினித் திரையில் அது ஒரு வெள்ளைக் கோடு இழுக்கும். அப்போது திருகில் விரல் வைத்தால், குழலில் லொடலொடப்பு இருந்தால் கோடு நெளியும். யார் விரல் வைத்தாலும் நெளிய வேண்டும். அதுதான் விஷயம்.

அந்தக் கணக்கு பதினேழுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் வந்தார். அதுமட்டுமல்ல, மச்சினனையும் வற்புறுத்திக் கூட்டி வந்தார்.

“நீயே வந்து உன் கண்ணால பாரு மாப்ளே. அப்புறம் வீட்டுல வாயைத் திறக்கக் கூடாது.”

வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளம். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை, மேற்கே முதல் நட்சத்திரம் மட்டும் வந்திருந்தது. பல் டாக்டர் கேமராவை மாட்டினார். முதல் விரல் அவருடையது. திரையில் அடிக்கோல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு.

“நம்ம கை நடுங்குனா போறது ஒரு பல்லுதான்” என்று கையை உதறிக்காட்டினார். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்து நான். பயத்தில் ஆரம்பம் கொஞ்சம் வளைந்து, பிறகு நேரானது. மூன்றாவதாக மச்சினன். தொலைநோக்கியை வாழ்நாளில் தொடாதவன், ஒற்றை விரலை அலட்சியமாக வைத்தான். நேர்கோடு.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஃபோகஸரில் குற்றமில்லை என்பது முடிவாகிவிட்டது. பல் டாக்டர் நிறுத்தவில்லை.

“பொருளோட ஓனர் வைக்காம எப்படி? வாங்கண்ணே.”

பதினேழு வந்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சின்னத் திருகைத் தொட்டன. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், ஒரு மனிதன் தன் முழு உடம்பையும் இரண்டு விரல் நுனியில் நிறுத்தி வைப்பது போல.

திரையில் ரம்பத்தின் பற்கள் வந்தன. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கடைசி வரைக்கும்.

“அடேங்கப்பா, ஈசிஜி!” என்றார் பல் டாக்டர். சிரிப்பு வெடித்தது. “இதயம் நல்லாத்தான் துடிக்குது அண்ணே, கவலைப்படாதீங்க.”

“காத்து அடிச்சுது” என்றார் பதினேழு. “இன்னொரு தடவை எடுங்க.”

எடுத்தார்கள். அதே பற்கள். “ஸ்டாண்டு ஆடுது” என்றார். ஸ்டாண்டை இறுக்கி மறுபடி எடுத்தார்கள். இந்த முறை பற்கள் இன்னும் நீளம். சிரிப்பு தானாகவே குறைந்தது. பல் டாக்டர் மட்டும் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார், தொழில்காரன் பார்வையில்.

“அண்ணே, கையைச் சும்மா மடியில வெச்சிருக்கும்போதும் இப்படித்தானா?” என்று குரலை இறக்கிக் கேட்டார். “ஒரு நரம்பு டாக்டரைப் பாத்துடுங்க. விளையாட்டு இல்ல.”

இத்தனை பேர் முன்னால் ஆட்டுவித்துவிட்டு விளையாட்டு இல்லையாம்.

மச்சினன் கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். கோணலாக விழுந்திருக்க வேண்டும், ஒரு அடி நகர்ந்து மறுபடி பிடித்தான்.

“எதுக்குடா மாப்ளே?”

“அழகா இருக்கு மாமா.”

திரும்பும்போது நாங்கள் மூவரும் ஒரே காரில். ஓட்டியவன் மச்சினன். சாவியை அவரிடம் கேட்கக்கூட இல்லை, மடிக்கணினி வைத்திருந்த மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். பாதி வழியில், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே சொன்னான்:

“ஒரு நேரத்துக்கு எத்தனை பேரு ஏறுறாங்க மாமா உங்க வண்டியில? நின்னுக்கிட்டு வர்றவங்களையும் சேத்து?”

“உங்கக்கா முகத்தைப் பாருடா. பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும்தான்.”

“பஸ்ல வர்றவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. நீங்களே போய் ஆபீஸ்ல சொல்லிடுங்க. நாளைக்கு உங்களுக்கு லீவு. திங்கக்கிழமை காலையில நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். உங்களுக்கு வண்டியைப் பிரிச்சுக் குடுக்குறவன் நான். பின்னாடி ஏதாவது ஆனா முதல்ல என்னைத்தான் கேப்பாங்க.”

“நான் சேத்துவிட்ட வேலை அது.”

“அதான் மாமா, சரியாப் பாக்கணும்ல.”

அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. அதனாலேயே அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். சீருடை நாற்காலி முதுகில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. உடல்நிலை சரியில்லை என்று சொல்லி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லையாம். அவ்வளவு மட்டும்தான் ஆபீசில் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, தொலைநோக்கியைக் கிடத்தி, ஃபோகஸரைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். திருப்புளி திருகாணியின் தலையில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கிக் குழாயின் கறுப்பு வண்ணத்தைக் கீறியது. நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

“உக்காரு தம்பி. கடைக்காரனுக்கு இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி போடணும். திருப்பி எடுத்துக்கச் சொல்லு.”

“என்ன காரணம் போடட்டும்ணே?”

“நடுங்குதுன்னு போடு.”

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தார். அழுது முடித்த முகம். என்னை, அந்தக் குழாயை, அவரை என்று மாறி மாறிப் பார்த்தார்.

“என் தம்பிக்கு நேத்திலிருந்து பத்துத் தடவை போன் போட்டேன். எடுக்க மாட்டேங்கிறான். நீங்களே முந்திக்கிட்டுப் போயிருக்கலாமில்ல? நீங்களா சொன்னா ஏதாவது உக்காந்து பாக்குற வேலையாவது குடுத்திருப்பாங்களோ என்னவோ.”

“நம்ம கையில என்ன இருக்குன்னு போய்ச் சொல்ல?” என்றார் அவர்.

நான் மடிக்கணினியைத் திறந்து, அன்புள்ள ஐயா என்று ஆங்கிலத்தில் அடித்தேன். பொருள் குறைபாடுள்ளது என்று அடித்தேன். அடுத்த வரிக்கு விரல் போகவில்லை.

செய்தித்தாள் மேல் கிடந்த அவருடைய கைபேசி மணியடித்து அதிர்ந்தது. அதிர்வில் கழற்றிய ஆணி ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. திரையில் டிப்போ ஆபீசின் பெயர்.

“எடுங்க” என்றார் அக்கா.

“எழுது தம்பி” என்றார் அவர் என்னிடம். “வாங்கின நாள்லேருந்தே நடுங்குதுன்னு எழுது.”

மணி நின்றது. மூவரும் அதைப் பார்த்தோம். மறுபடி அடிக்கத் தொடங்கியது.

“என்னங்க, எடுங்களேன்.”

“யாரு தொட்டாலும் நடுங்குதுன்னு எழுது.”

அடித்துக்கொண்டே இருந்தது.