தலையணைக்குள் தைத்த திருநீறு

போதைப் பழக்கத்திலிருந்து மீளும் பெண்கள் தங்கும் இல்லம் செமிலிங் என்ற ஊரில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ வசதியானவர் வீடு போலத் தோன்றும். அங்கே இருந்த என் மகளை முதல் முறையாக இரண்டு நாள் விடுப்பில் அழைத்துவரப் போன அன்று, விடுப்பு முடிந்து இல்லத்துக்குத் திரும்பியபின் அவளுக்குப் பயன்படட்டும் என்று ஒரு புதுத் தலையணையும் கொண்டுபோனேன்.

அதற்குள் திருநீறு இருந்தது. கோலா கெத்திலில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் பூசாரி சொல்லியிருந்தார்: பிள்ளை தலை வைக்கும் இடத்தில் எல்லாம் இது இருக்க வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது. நான் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறவன். இருந்தும் காருக்குள் உட்கார்ந்து, மனைவிக்குத் தெரியாமல், தூண்டில் நூலால் தைத்தேன்.

இல்லத்தை நடத்தும் அம்மா தலையணையைப் பப்பாளி வாங்குவது போல அமுக்கிப் பார்த்தார். கை நின்றது. கத்தரிக்கோல் வந்தது. நாளிதழ்த் தாளில் மடித்த சின்னப் பொட்டலம் மேசையில் விழுந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள்.

"சரக்கு இல்லக்கா," என்றாள் ஒருத்தி. "சரக்கா இருந்தா இவ்வளவு கேவலமா தைப்பாங்களா?"

"புது ஆளுலா," என்றாள் மற்றவள். "போகப் போகப் பழகிருவாரு."

அந்த அம்மா முகர்ந்து பார்த்தார். "திருநீறுதான் சார், எனக்கும் தெரியுது. ஆனா மறைச்சுக் கொண்டாந்தா, கொண்டாந்தவங்க யூரின் டெஸ்ட் கொடுக்கணும். இல்லாட்டி பிள்ளைக்கு லீவு கேன்சல். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மகள் தோளில் பையோடு படிக்கட்டில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

குப்பியோடு கழிவறைக்குள் போனேன். ஒரு சொட்டு வரவில்லை. கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டுமாம். மகளே நின்றாள்.

"பைப்பைத் திறந்து விடுங்கப்பா. சத்தம் கேட்டா வரும்."

"வரலம்மா."

"மெதுவாப் போங்க. எனக்கும் மொத தடவை ரொம்ப நேரமாச்சு."

வீட்டுக் குளியலறைக்கு வெளியே அவள் உள்ளே இருக்க, நானும் இப்படி எத்தனையோ காலைகளில் நின்றிருக்கிறேன். நான் கதவைத் தட்டுவேன். அவள் தட்டவில்லை.

சோதனை சுத்தமாக வந்தால் எல்லோரும் கைதட்டுவது அங்கே வழக்கம். எனக்கும் தட்டினார்கள். நான் ஏனோ நன்றி சொன்னேன்.

கார் கிளம்பியதும் கேட்டாள். "வேற எங்கப்பா தைச்சிருக்கீங்க?"

"எங்கயும் இல்ல."

அவள் திரும்பி, தன் இருக்கையில் தலை சாயும் பகுதியை விரல்களால் அமுக்கிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அப்பா."

"அது ஒண்ணுதான்."

"திட்ட மாட்டேன். சொல்லுங்க."

இதே வார்த்தையை நான் அவளிடம் சொன்னதுண்டு. சொல்லிவிட்டுத் திட்டியதும் உண்டு. பாக்கார் ஆராங் போக்குவரத்து விளக்கில் நின்றபோது ஒப்புக்கொண்டேன்: வீட்டில் அவள் தலையணை, சோபா மெத்தை, பழைய ஹெல்மெட்.

"ஹெல்மெட்டா?"

"தலை வைக்கிற இடம்தானே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன்; சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் பிரிச்சு மேசை மேல வைங்க," என்றாள்.

வைத்தேன். ஒன்றைத் தவிர.