இரண்டு பத்தியில் மூன்றாம் ஓலை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மூடுபனி அதற்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டதால் அதற்குத் தனி அறை, தரையில் கம்பளம், பக்கத்தில் ஒரு ஹீட்டர். ஆசிரியர்கள் அறையில் நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தோம். கூட வந்த தடித்த புத்தகத்தை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஆங்கில வாத்தியாரான என்னையே அதற்குப் பொறுப்பாக்கினார்கள். படித்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். புரிந்தது என்று சொல்லவில்லை.

அந்த அறையைத் திறந்து மூடுபவர் எங்கள் லேப் அட்டெண்டர். பெரும்பாறைக்காரர், காப்பித் தோட்டத்துப் பிள்ளை. கம்ப்யூட்டருக்கு உறை தைக்க விடுதியின் தையல் டீச்சர் அளவெடுக்க வந்தார். மறுநாளும் வந்தார். அடுத்த வாரமும் வந்தார். பெட்டி வளரக்கூடியதல்ல என்று எனக்கே தெரியும். ஆகவே அட்டெண்டருக்கும் தையல் டீச்சருக்கும் கல்யாணம் என்ற செய்தி வந்தபோது நான் ஆச்சரியப்பட்டதுபோல் நடித்தேன்.

ஆச்சரியப்படாமல் கோபப்பட்டவர் பெண்ணின் தாய்மாமன். தன் மகனுக்கென்று அவளை வைத்திருந்தவர் அவர். "பிள்ளைய மயக்கிட்டாங்க. அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் ஒதுங்கிக்கிறேன்" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமன் எதிரில் வாய் திறக்கிற பழக்கம் அந்தப் பெண்ணுக்குக் கிடையாது என்ற தைரியம்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆலயத்தில் அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது ஞாயிறை விட்டால் லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிடும். பிறகு ஈஸ்டர் கழியும்வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் மாமன் பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார்.

"மூணாவது ஓலைக்கு எந்திரிச்சு நிக்கப் போறாராம் சார்" என்றார் அட்டெண்டர். முகம் வெளுத்துக் கிடந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் எழுத்துகளைப் பத்தி பத்தியாகப் பிரிக்கும் வித்தையை நான் கற்றிருந்தேன். இரண்டு சாவியை அழுத்தினால் நீளமாகக் கிடக்கும் வரிகள் ஒடுங்கி, செய்தித்தாள்போல் இரண்டு பத்தியாக நின்றுவிடும். என் மளிகைச் சாமான் பட்டியல்கூட அப்படி நின்றபோது தலையங்கம்போல் தெரிந்தது. அந்த வார ஓலையைக் கம்ப்யூட்டரிலேயே அடித்துத் தருவதாகப் போதகரிடம் நானே போய்ச் சொன்னேன்.

அதற்குத் தமிழ் தெரியாது. எனவே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். அந்த வாரம் இரண்டு ஜோடி. இடப்பத்தியில் நம் அட்டெண்டர், அவர் பெயருக்குக் கீழே தையல் டீச்சர். வலப்பத்தியில் சபை மூப்பரின் மகளும் கிளாவரைப் பள்ளி ஆசிரியரும். "எம் பொண்ணு பேரு மேல வரட்டும் சார்" என்று மூப்பர் கேட்டுக்கொண்டதால் அவள் மேலே, மாப்பிள்ளை கீழே.

ஞாயிறு காலை, வாராவாரம் ஓலை வாசிக்கிற உபதேசியார் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "என்ன சார், தமிழுக்குக் கோட்டு சூட்டு மாட்டி விட்டுருக்கீங்க?"

"படிக்க வருமா?"

"வரும், வரும். எழுத்தக் கூட்டிப் படிச்சிருவேன்."

அவருடைய கையெழுத்து ஓலையை நான் ஒருநாளாவது பார்த்திருக்க வேண்டும். நடுவில் கோடு போட்டு, ஆலயத்தில் நாங்கள் உட்காருவதுபோலவே ஆண்களை இடப்பக்கமும் பெண்களை வலப்பக்கமும் எழுதி, வரிக்கு ஒரு ஜோடியாகக் குறுக்கே வாசிப்பது அவர் வழக்கம். என் தாளையும் அப்படியே வாசித்தார். எழுத்துக் கூட்டுவதிலேயே மூச்சு போய்விட்டதால், வாசிப்பது இன்னதென்று அவர் காதுக்கு எட்டவில்லை. லேப் அட்டெண்டருக்கும் மூப்பர் மகளுக்கும் திருமணம். தையல் டீச்சருக்கும் கிளாவரை வாத்தியாருக்கும் திருமணம். தடை உள்ளவர்கள் சொல்லலாம்.

எழுவதற்காக முன்பெஞ்சைப் பிடித்த மாமன், பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். எதை எதிர்ப்பது என்று தெரியவில்லை போலும்.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஐயா, எனக்குத் தடை இருக்குங்க."

தையல் டீச்சர்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்கேவாம்மா?"

"எனக்கேதாங்க. கிளாவரை சார் நல்லவராத்தான் இருப்பாரு. எனக்கு அவர யாருன்னே தெரியாது. நான் கட்டிக்கப் போறது இவரத்தான்." ஆண்கள் பக்கம் கை நீட்டினார். அட்டெண்டர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"எம் மகள எங்கய்யா கொண்டுபோய்ச் சேக்குறீங்க?" என்று மூப்பரும் எழுந்தார்.

போதகர் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "சார், இத எப்படிப் படிக்கணும்?"

"மேலிருந்து கீழே, ஐயா."

"அத மொதல்லயே சொன்னா என்னவாம்?" என்று உபதேசியார் முணுமுணுத்தது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

மறுபடி வாசித்தார், மேலிருந்து கீழே. போதகர் மறுபடி தடை கேட்டார். ஆலயமே மாமனைத் திரும்பிப் பார்த்தது. அவர் இன்னும் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார். அக்காள் மகள் முழுதாக நின்றுகொண்டிருந்தாள், அவரையே பார்த்தபடி.

"சொல்லுங்க" என்றார் போதகர்.

"ஒண்ணுமில்லீங்க. காலு மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் மாமன்.

ஆராதனை முடிந்து வாசலில் அவரே என்னிடம் வந்தார். அடிவிழும் என்று நினைத்து மூப்பர் பக்கமாக ஒதுங்கினேன். அங்கேயும் நிலைமை சரியில்லை.

"வாத்தியாரே, அந்தப் பொட்டியில அடிச்சது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அவ வாய மூடுறதுக்கு அதுல ஏதும் பட்டன் கெடக்கா?"

அதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெண்ணே அழைத்தாள். "மாமா, வெரசா வாங்க. நாளான்னைக்குக் கல்யாணம், பந்தலுக்கு ஆளப் பிடிக்கணும். சோலி தலைக்கு மேல கெடக்கு."

"பாத்தீங்களா, தெறந்தது தெறந்ததுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பந்தல்காரரைத் தேடிப் பனிக்குள் இறங்கி நடந்தார்.