புளி உலுக்கும் மாதங்களில் மருத்துவ வண்டி

டிரைவர் வேலையில் ஒரு வசதி உண்டு: பெரிய மனிதர்கள் எதைப் பேசினாலும் நமக்கும் காது இருப்பதை மறந்துவிடுவார்கள். ஜவ்வாது மலையில் நடமாடும் மருத்துவ வண்டி ஓட்டும் நான் அப்படிக் கேட்டதும் பார்த்ததும்தான் இவை. அரசாங்க ஸ்டியரிங் பிடித்து வெந்து போனவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆளில்லாத ஊர்

ஆலங்காயத்திலிருந்து ஒன்பது மணிக்குத்தான் வண்டியை எடுக்க வேண்டும். வளைவு வளைவாக மலையேறி அந்தக் கடைசிக் குக்கிராமத்தில் நிறுத்தும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். புளி உலுக்கும் மாதங்களில் அந்த நேரத்துக்கு அங்கே நாய்கள்தான் இருக்கும். விடியும்போதே ஆண்கள் காட்டுக்குப் புளியமரம் ஏறப் போய்விடுவார்கள். உதிர்வதைப் பொறுக்கப் பெண்களும் கூடவே கிளம்பிவிடுவார்கள்.

சாந்தி மட்டும் நிற்பாள். அவளுக்கு வலிப்பு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அது எட்டிப் பார்க்கவில்லை. ஆளை நேரில் பார்த்துத்தான் மாத்திரை தர வேண்டும் என்பது விதி, அதனால் புருஷன் கோவிந்தனை அனுப்பி வாங்கிக்கொள்ளவும் முடியாது. அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் நிற்பாள். "ஊர்ல வேற யாருக்குமே உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார் எங்கள் டாக்டரம்மா, வேலைக்குப் புதிது.

"நோவு எல்லாருக்கும் கீது டாக்டரம்மா. வுயுந்துடுவோம்ன்ற பயம் எனக்கு மட்டுந்தான்."

சீக்கிரம் போன குற்றம்

டாக்டரம்மாவுக்கு அது உறுத்திவிட்டது. அடுத்த முறை இருட்டோடு கிளம்பினோம். ஊர் காட்டுக்குப் புறப்படும் முன்பே போய் நின்றோம். நான் அதுவரை பார்த்தே இராத முகங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. இருமல், ரத்தக்கொதிப்பு, ஆறாத புண், மரத்திலிருந்து விழுந்து பிசகிய தோள். டாக்டரம்மாவுக்கு டீ குடிக்க நேரமில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் இந்த வண்டியை ஓட்டுவதில் ஒரு அர்த்தம் இருப்பதாகப் பட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

சாயங்காலம் எங்கள் வண்டிக்குப் பொறுப்பான அதிகாரி டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். வைத்தியம் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஒம்பது மணிக்கு முன்னாடி வண்டி நகர்ந்தா டீசலுக்கு நான் பதில் சொல்லணும்மா. ஜனங்க நேரத்துக்கு நாம ஓட முடியாது, நம்ம நேரத்துக்கு ஜனங்களப் பழக்குங்க."

சாமைக் கஞ்சி உபதேசம்

சர்க்கரை நோய் பற்றிப் பேசச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மழையில் வேலை நின்றுபோன ஒரு நாள், ஊரே வீட்டில் இருந்தது. எங்கள் வண்டியில் வரும் நர்சம்மா படம் விரித்து, வெள்ளை அரிசியைக் குறையுங்கள், சாமையும் கேழ்வரகும் சாப்பிடுங்கள் என்று அழகாகத்தான் சொன்னார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கோவிந்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். கோபமே இல்லாமல் கேட்டார். அவர் கேட்டு முடித்ததும் நர்சம்மா படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்.

"சாமைய நாங்க வெளைக்கிறோம், ஒடம்புக்கு நல்லதுன்னு டவுன்காரங்க வாங்கினு பூட்றாங்க. வித்த காசு மத்த செலவுக்குப் பூடுது, ரேசன் அரிசியத்தான் துன்றோம். அதுல நோவு வருதுன்னா, சட்டம் போடறவங்க மொதல்ல இன்னா பண்ணணும் நர்சம்மா?"

கைதட்டல்

திட்டங்கள் ஜனங்களைக் காப்பாற்றுகின்றனவா என்று ஆராய ஒரு கூட்டம் போட்டார்கள். ஜன்னலோரம் வண்டியை நிறுத்தியிருந்தேன், எல்லாம் கேட்டது. அந்தக் குக்கிராமத்தில் வண்டிக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஆகவே அங்கே நோய் குறைந்திருக்கிறது, இனி வண்டி அங்கே போகத் தேவையில்லை என்று அதிகாரி விளக்கினார். கைதட்டினார்கள். நோயாளிகள் வண்டி வரும் நேரத்தில் காட்டில் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா எழுந்து சொன்னார். அங்கே நிறுத்துவதை விட்டுவிட்டால், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெண் என்ன செய்வாள் என்றும் கேட்டார்.

அதிகாரி சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். அந்த மாதமே அங்கே வண்டி போவது நின்று, அடிவாரத்தில் கடைத்தெரு பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு ஆளுக்காக ஒரு வண்டிய மலையேத்த முடியுமா டாக்டர்? தேவைன்னா எறங்கி வரட்டும்."

இறங்கி வந்தவர்கள்

அடிவாரத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதிகாரியே ஒரு நாள் விருந்தாளி ஒருவரை அழைத்துக்கொண்டு பார்வையிட வந்தார். அன்றைக்குத்தான் கோவிந்தன் சாந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் வலது கையில் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது.

மாத்திரை தீர்ந்துவிட்டது, இறங்கி வந்து போக ஒரு நாள் முழுக்கப் போய்விடும், புளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். களி கிண்டும்போது வலிப்பு வந்து, கை அடுப்புக்குள் போய்விட்டது. டாக்டரம்மா துணியைப் பிரித்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "இந்தக் கையால இனிமே புளி பொறுக்க முடியுமா டாக்டரம்மா?" என்று சாந்தி கேட்டாள். டாக்டரம்மா குனிந்த தலை நிமிராமல் மருந்து போட்டார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கோவிந்தனிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அதிகாரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார், கையைப் பார்க்கவில்லை. எந்த ஊர் என்று கோவிந்தனைக் கேட்டார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து விருந்தாளியிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார், கடைசி ஊர்க்காரங்க கூட எறங்கி வர ஆரம்பிச்சுட்டாங்க. விழிப்புணர்வு வந்துடுச்சு."

வண்டி ஓட்டி நான் கற்றது இவ்வளவுதான்: ஜனங்களின் ஆரோக்கியத்தை அரசாங்கம் நன்றாகவே காப்பாற்றுகிறது, ஜனங்கள்தான் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை.