எதிரியின் பெயர்: என் வயிற்றுக் கட்டி

கொளஞ்சியப்பரை நம்பும் என் சொந்தங்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டு அவர் சன்னதிக்குப் போகவில்லை. சண்டைக்குத்தான் போனேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். போன புரட்டாசியில், கொலு பொம்மை வேலை நெருக்கிக்கொண்டிருந்தபோது தலைசுற்றி விழுந்தேன். சில வாரங்களாகவே மலம் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. புதுச்சேரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவுதான். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் பொல்லாத இடம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் வாசலுக்குப் பக்கத்தில்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "வாய் வழியாவே எடுத்தா வெளிய தழும்பு இருக்காதும்மா. ஆனா கட்டி சதைக்குள்ள இருக்குது, தோண்டும்போது ஓட்டை விழலாம். வயித்துல சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பில எடுத்தா அந்த பயம் குறைவு. ஆனா வெளியிலேர்ந்து பாத்தா கட்டி எங்க முடியுதுன்னு சரியா தெரியாது. கூடுதலா வெட்டிட்டா வாசல் குறுகிடும், சோறு எறங்காது."

சோறு இறங்காதாம். பஸ்ஸில் ஊர் திரும்பும் வரை அதுவே காதில் கேட்டது. நன்றாகவே பயந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு வழக்கு. என் நாத்தனார் தீர்ப்பே எழுதிவிட்டார். "இது செய்வினைதான். குழாயடி சண்டையில செல்வி மண்ண வாரித் தூத்துனா இல்ல? அவ பேருல பிராது கட்டு."

செல்வி என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். பிராது எங்கள் பக்கத்து வழக்கம். குறையையும் எதிரியையும் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் காலடியில் வைத்து வாங்கி, அதே கோயிலில் இருக்கும் முனியப்பர் சூலத்தில் கட்டிவிடுவோம். பிறகு அது சாமியின் வழக்கு.

மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலில் தாளை வாங்கினேன். "எதிரி: என் வயிற்றில் இருக்கும் கட்டி" என்று எழுதினேன்.

நாத்தனார் பதறிவிட்டார். "ஆள் பேரு எழுதலன்னா சாமி யாரப் புடிக்கும்?"

"சாமிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா அண்ணி? நீங்க சும்மா இருங்க."

சூலத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு கொளஞ்சியப்பரிடம் சொன்னேன்: அப்பனே, கட்டியையும் எடு, என் சோற்றையும் விடு. பாதித் தீர்ப்பெல்லாம் எனக்கு வேண்டாம். வாய்தா வாங்கினாயோ, தினமும் வந்து நிற்பேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சொன்னார்: "ரெண்டையும் சேத்தே செய்யப்போறோம். உள்ள ஒருத்தர் குழாய் விட்டு கட்டியோட எல்லைய காட்டுவாங்க. வெளிய துளை வழியா நான் வெட்டித் தைப்பேன்." என் அப்பன் இரண்டு பேரை அனுப்பிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

கட்டி முழுதாக வந்தது. வாசலும் தப்பித்தது. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ஆபத்து குறைந்த வகைதான், ஆனாலும் அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார்கள். தவறாமல் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கலாம் என்று சொன்ன அன்று, வடிகட்டிய கஞ்சியோடு வந்து நின்றவள் செல்வி. தெருவே தன்னைத்தான் எதிரி என்று பேசிக்கொண்டிருந்தபோதும் வந்தாள். தடையில்லாமல் இறங்கிய முதல் வாய் அது. அப்போதுதான் அழுதேன்.

தை மாதம் பிராதை ராஜினாமா செய்யப் போனேன். வழக்கு முடிந்தால் திரும்பப் பெற வேண்டும் அல்லவா? நாத்தனார் முன்னாலேயே செல்வியைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். சூலத்தருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, நெசமாவே எம் பேர எழுதலியா?"

"எழுதியிருந்தா உன் கஞ்சி எனக்கு எறங்கியிருக்குமாடி?"

உடம்பு தரும் எச்சரிக்கையை என்னைப் போல் மறைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு துணிந்து வந்து கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுங்கள். என் குறையைக் கேட்ட அப்பன் உங்கள் குறையையும் கேட்பார். எதிரி யார் என்பதை மட்டும் அடுத்தவர் சொல்லி எழுதாதீர்கள்.