மொட்டை மாடிப் பூட்டு

சென்னையில் அஸ்தமனம் பார்க்கச் சிறந்த இடங்களைத் தேடி அலைகிறேன். கடற்கரையில் உதயம்தான், அஸ்தமனத்துக்குக் குன்றத்தூர்ப் பக்கம் போங்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மகளிர் விடுதியின் மொட்டை மாடியில் நிற்கிறேன். ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி. கேட்டதும் வார்டன் அம்மா பூட்டைத் திறந்து விட்டார். எதிரே செம்பரம்பாக்கம் ஏரி கரை தெரியாமல் விரிந்து கிடக்கிறது.

படியில் ஒரு பெண் ஏறி வருகிறாள். நீல யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை.

"நீ எங்க வர்ற? கீழ எறங்கு!" வார்டன் கதவை மறித்து நிற்கிறார்.

அவள் அங்கிருந்தே என்னிடம் கேட்கிறாள். "அக்கா, ஏரி தெரியுதா? ரெண்டு வருசமா இங்கனதான் இருக்கேன். ஒரு நாளுகூடப் பாத்ததில்ல." பேச்சில் தெற்கத்திச் சாயல்.

"ஏம்மா இவங்கள விடமாட்டேங்கிறீங்க?"

"மேல வுட்டா போன் பேசிகினே நின்னுடுதுங்க மேடம். ஓனரு பூட்டி வெக்க சொல்லிக்கிறாரு. நீங்க போட்டோ எடுங்க, சூப்பரா கீது பாருங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறுகிறது. பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகப் போகிறவளுக்குத் திறக்கும் கதவு, இங்கேயே படுத்து எழுபவளுக்குத் திறக்காதாம். கேமராவை மூடுகிறேன். கதவில் தொங்கும் பூட்டைச் சாவியோடு கழற்றி என் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

"மேடம், இன்னா பண்றீங்க!"

"ஓனரை என்கிட்ட வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் மேலே வரவில்லை. படியில் திரும்பி நின்று கீழே பார்த்துக் கத்துகிறாள்.

"ஏ புள்ளைகளா, ஓடியாங்க! நாளைக்கு வேற பூட்டு போட்டுருவாக!"