நடுவில் வைத்த செய்தித்தாள்

என் மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. போகாதே என்றேன், போய்விட்டாள். வாரம் தவறாமல் அவளிடமிருந்து போன் வரும். மனைவி பேசி முடித்துவிட்டு போனை என் பக்கம் நீட்டுவாள். எனக்கு அப்போதுதான் புழுவுக்குத் தழை போடுகிற ஞாபகம் வரும். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கிற செட்டும் இருக்கின்றன. கோபித்துக்கொண்டு ஒதுங்க அந்தச் செட்டைப் போல வசதியான இடம் கிடையாது. புழுக்கள் எதிர்த்துப் பேசாது.

போன வருஷம் அவளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அம்மாவுக்கு இனிப்பு, எனக்கு ஒரு மப்ளர், கூடவே அம்மாவுக்கு ஒரு கடிதம். நான் மப்ளரைத் தொடவில்லை. மனைவியோ கடிதத்தைப் படித்ததைவிடத் தடவியதுதான் அதிகம். காகிதம் அவ்வளவு மெல்லிசு, ஆனால் இழுத்தாலும் கிழியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீள நீளமாக நார் தெரிந்தது. வாஷி என்று பேராம். மல்பெரிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் பட்டையை உரித்துக் கையாலேயே செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

"ஏங்க, புழு தின்னுபோட்ட குச்சி நம்ம வூட்டுல எவ்ளோ கெடக்குது. அடுப்புக்குத்தான போவுது," என்றாள் மனைவி. "நான் அதுல காயிதம் செய்யறேன். நீங்க அதுல பாப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

"மொதல்ல காயிதம் வரட்டும்," என்றேன். வராது என்கிற தைரியம்தான்.

முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தும் அவளைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். வீடியோ பார்த்துப் பார்த்து, குச்சிகளை அண்டாவில் அவித்துப் பட்டையை உரித்தாள். கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டினாள். செட்டில் இருந்த சுண்ணாம்பைக் கரைத்து வேகவைத்து, பலமுறை அலசி, துவைக்கிற கல்லில் போட்டுப் பஞ்சாகும்வரை கட்டையால் அடித்தாள். அடித்த நாரைத் தொட்டித் தண்ணீரில் கலக்கினால் அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிதக்க வேண்டுமானால் ஒரு கொழகொழப்பு வேண்டும். அங்கே வெண்டை ஜாதிச் செடி ஒன்றின் வேரை நசுக்கிச் சேர்க்கிறார்களாம். இவள் வெண்டைக்காயையே நறுக்கி ஊறப்போட்டாள். வேடிக்கை பார்க்க என்று போய் உட்கார்ந்த நான், மரச்சட்டத்தில் கொசுவலை அடித்துக் கொடுப்பதுவரை வந்துவிட்டேன்.

சட்டத்தைத் தொட்டியில் முக்கி ஆட்டி எடுத்தால் வலைமேல் பாலாடை மாதிரி ஒன்று தங்கும். அதைப் பலகைமேல் கவிழ்க்க வேண்டும். ஆறு தாள் கவிழ்த்ததும், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற நேரம் வந்துவிட்டது அவளுக்கு.

"மிச்சத்த நீங்க எடுங்க. ஈரத்து மேலயே ஈரத்தப் போடுங்க. நடுவுல எதும் வெச்சுடாதீங்க, அந்தக் கொழகொழப்புக்குத் தானா பிரியும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் எப்படிப் பிரியும்? எனக்கு மனம் ஒப்பவில்லை. புழு வளர்க்கிறவன் கை வேறு. இளம்புழுவுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து விரித்துப் பழகிய கை. பாவம், இத்தனை பாடுபட்டாள், எல்லாம் ஒரே அடையாகிவிடக் கூடாதே என்று, நான் எடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்தேன். மேலே ஒரு பலகை, அதன்மேல் அம்மிக்கல். அவளிடம் சொல்லவில்லை. காலையில் பார்த்து மெச்சுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பலகையைத் தூக்கியதும் அவள் முகம் மாறிவிட்டது. நான் வைத்த செய்தித்தாள்கள் காகிதத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. இழுத்தால் இரண்டும் சேர்ந்து கிழிந்தன. முழுசாக வந்தது ஒன்றே ஒன்று. அதிலும் அச்சு மை ஏறி, ஓரத்தில் ஒரு துண்டு விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் அவள் வெறுமனே அடுக்கிய ஆறு தாளும், மூலையைத் தூக்கியதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

"எதும் வெக்காதீங்கன்னு சொன்னனா இல்லியா?"

"ஒட்டிக்கும்னு பயந்துட்டேன்."

"எல்லாம் நல்லதுக்குன்னுதான் செய்வீங்க. பாப்பாகிட்டயும் இப்படித்தான்." கிழிந்த தாளைக் கீழே வைத்தாள். "நீங்க அவகிட்டப் பேசி ரெண்டு வருசமாச்சுங்க."

அவள் தன் தாள்களைச் செட்டுச் சுவரில் ஒட்டிக் காயவைத்தாள். நான் கெடுத்த தாளை அவற்றின் பக்கத்தில் நானே ஒட்டினேன்.

காய்ந்ததும் அவள் நல்ல தாளாக ஒன்றை எடுத்து நீட்டினாள். எனக்கு இது போதும் என்று கெட்டுப்போன தாளையே உரித்துக்கொண்டேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'பாப்பா, உங்கம்மா ஜப்பான் காகிதம் செய்துவிட்டாள். இந்தத் தாளைக் கெடுத்தது நான்தான்' என்று எழுதினேன். அதை எழுதிய பிறகு அடுத்த வரி அத்தனை கஷ்டமாக இல்லை. 'உன்னைப் போகாதே என்றதும், இத்தனை நாள் பேசாமல் இருந்ததும் தப்புதான் அம்மா' என்று எழுதினேன்.

கீழே இன்னும் இடம் இருந்தது. மப்ளர் நன்றாக இருக்கிறது, தினமும் போட்டுக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். எழுதிவிட்டு, உள்ளே போய் பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.