இறால் கொட்டகையில் பிடிபட்ட கொலைகாரன்

என் நாவல்கள் வந்த வாரத்திலேயே தீர்ந்துபோகின்றன. பேட்டி எடுக்க வருகிறவர்கள், "கொலைகாரனைக் கடைசிவரை ஒளித்துவைக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்கிறார்கள். ராயபுரத்தில், இறால் உரிக்கிற கொட்டகையில் என்றால் சிரிக்கிறார்கள். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அம்மாவும் அத்தையும் அங்கே இறால் உரித்தார்கள். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார்கள். விரலில் முள் குத்தியதற்கே நான் ஊரைக் கூட்டியதால், மேஸ்திரி என்னைக் கவிழ்த்த கூடைமேல் உட்காரவைத்து மாத நாவலைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டார். கதை கேட்டால் பெண்களின் கை வேகமாக ஓடும் என்பது அவர் கணக்கு. எனக்கென்ன, ராஜ உத்தியோகம்.

அந்தக் கதையில் ஒரு பணக்கார அம்மாள் கொலையாகிறாள், வேலைக்காரிமேல் சந்தேகம். அத்தையும் கொட்டகைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தவள்தான். சங்கிலியைத் திருடினாள் என்று துரத்திவிட்டார்கள். அவள் எடுக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. கதைக்கு மட்டும் வாய் திறந்தாள்: "அந்தப் பொண்ணு பண்ணிருக்க மாட்டா. பாத்துக்கினே இரு."

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். என் கண் முந்திக்கொண்டு ஓடியது. கொன்றது வேலைக்காரியேதான். நாலே வரியில் ஒப்புக்கொண்டு விலங்கு மாட்டிக்கொள்கிறாள்.

"இன்னாடி நிறுத்திக்கினே? யாரு கொன்னது, சொல்லு!" என்றாள் அம்மா.

அத்தை கையிலிருந்த இறாலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் படித்தேன். வீட்டுக்கார ஐயாவின் செருப்பில் ரத்தம் இருந்தது. காணாமல்போன அம்மாளின் நகை அவருடைய கார் டிக்கியிலேயே கிடைத்தது. கடைசியில் இன்ஸ்பெக்டர் வேலைக்காரியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை மட்டும் நீட்டி முழக்கிப் படித்தேன்.

கூரை பிய்ந்துவிடும்போலக் கொட்டகையே கத்தியது. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அத்தை எழுந்து வந்து, இறால் நாறும் கையோடு என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். எத்தனையோ விழாக்களில் பொன்னாடை போர்த்திக்கொண்டுவிட்டேன். அந்த முத்தத்துக்கு முன்னால் எல்லாம் தூசு.

எல்லாரையும் ஏமாற்றிவிட்டோம் என்ற மிதப்பில் வீட்டுக்கு நடந்தேன். நாலே வரி மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டுதான் அவ்வளவு நேரம் படித்திருக்கிறேன், ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை. அத்தனை பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்திகூட ஏன் புரட்டவில்லை என்று கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.